சேவியர் சார் தவறாகச் சொன்ன ஒரே விலை

போன செவ்வாய்க்கிழமை காலை கடையைத் திறந்து, பழைய கடிகாரங்களுக்கு ஒவ்வொன்றாகச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மருந்துக் கடைக்காரர் எனக்குப் போன் வந்திருப்பதாகக் குரல் கொடுத்தார். சாந்தோமிலிருந்து ரோசலின், சேவியர் சாரின் ஒரே மகள். “அங்கிள், அப்பா விடியக்காலையில போயிட்டார். தூக்கத்துலயே” என்றார். திரும்பி வந்து, ஏற்கெனவே சாவி கொடுத்த கடிகாரங்களுக்கே மறுபடியும் சாவி கொடுத்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. ஒன்றின் வில் அறுந்துபோய்விட்டது.

சாந்தோமில் அவர் வீட்டு வாசலில் நல்ல கூட்டம். உள்ளே ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். பந்தலின் கீழ் என் பக்கத்து நாற்காலிகளில் இரண்டு பேர் தணிந்த குரலில் பேசிக்கொண்டார்கள். தங்கமான மனிதர் என்றார் ஒருவர். ஆமாம், ஆனால் கடைசியில் மயிலாப்பூர் டீச்சர் விஷயத்தில் சறுக்கிவிட்டார், பாவம், அந்த அம்மாளுக்கு வீடே போயிற்று என்றார் மற்றவர். அந்தச் சறுக்கல் எப்படி வந்தது என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் உள்ளே பெட்டியில் படுத்திருந்தார். மற்றவன் நான். சாரின் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த ஒரு கறையைத் துடைக்கத்தான் இந்த அஞ்சலியை எழுதுகிறேன். அவரை அறியாதவர்களுக்காக முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

சார் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் அறுவைக் கருவிகள் அறையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். எஃகைப் பார்த்துப் பழகிய கண். ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கண்ணுக்கு வேறொரு வேலை வந்து சேர்ந்தது. இந்த ஊரில் கத்தி சேர்க்கிறவர்கள் அதிகம் இல்லை; இருக்கிற சிலர் சுத்தப் பைத்தியங்கள். கப்பலில் போனவர்கள் துறைமுகத்துக்குத் துறைமுகம் வாங்கி வந்த மடக்குக் கத்திகள், மிலிட்டரிக்காரர்கள் கொண்டுவந்த வளைந்த கத்திகள், துரைமார் விட்டுப்போன பேனாக் கத்திகள் என்று அலமாரி நிறைய வைத்திருப்பார்கள். அவர்கள் போன பிறகு அதை என்ன செய்வதென்று வீட்டாருக்குத் தெரியாது. என்னைப் போன்ற ஒரு கடைக்காரன் வந்து, இரும்பு விலைக்கு அள்ளிக்கொண்டு போவான். அதற்கு முன்பு யாராவது, சாந்தோமில் சேவியர் சார் இருக்கிறார், ஒரு தடவை காட்டிவிட்டு விற்றுவிடுங்கள் என்று சொல்லி அனுப்புவார்கள். சார் பார்த்து, இது இவ்வளவு பெறும் என்று சொல்வார். கூலி ஒரு டம்ளர் காபி. தான் விலை சொன்ன பொருளை அவர் வாங்கவும் மாட்டார், பிறருக்கு வாங்கிக் கொடுக்கவும் மாட்டார்.

எனக்கும் அவருக்கும் பழக்கம் சண்டையில்தான் தொடங்கியது. தொண்ணூற்றொன்றாம் வருஷம் என்று ஞாபகம். அடையாறிலிருந்து ஓர் அம்மாள் மூன்று மடக்குக் கத்திகளோடு வந்தார். மூன்றுக்கும் சேர்த்து இருநூறு என்றேன். அவர் கைப்பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்துப் பார்த்துவிட்டு, சேவியர் சார் தொள்ளாயிரம் என்று சொல்லியிருக்கிறாரே என்றார். இப்படி நாலாவது தடவை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம். மறுநாளே அந்த மனிதரை நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று சாந்தோமுக்குப் போனேன்.

ரோசலின் மாடியைக் காட்டினார். மொட்டை மாடியில் சார் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். எதிரே வெள்ளைக் கைக்குட்டையில் ஒரு கத்தி திறந்தபடி கிடந்தது. கடற்காற்றில் கைக்குட்டையின் ஓரம் மட்டும் மெல்ல அசைந்துகொண்டிருந்தது. “இன்னா சார், நாங்கல்லாம் பொழைக்க வேணாமா?” என்று ஆரம்பித்தேன். அவர் திரும்பாமலே, “உட்காருங்க. வெயில் இன்னும் கத்திமேல வரலை” என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் உட்கார்ந்தேன். கைப்பிடிச் சுவரின் நிழல் கொஞ்சம் கொஞ்சமாகக் கைக்குட்டையை விட்டு விலகியது. கத்தியின் நுனியில் முதலில் ஒரு பொட்டு வெளிச்சம். அது ஊர்ந்து ஊர்ந்து அடிவரை வந்தது. அந்த வெளிச்சத்தில், வெறும் சாம்பல் நிறம் என்று நான் நினைத்த எஃகில் நீலமும் ஊதாவும் தெரிந்தன. எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தோமோ, தெரியாது. கோபம் எப்போது போனது என்றும் தெரியாது.

அந்த நிறம் வர ஐம்பது வருஷம் ஆகும், அதைத் துடைத்துவிட்டால் பாதி விலை போய்விடும் என்று அவர்தான் சொன்னார். பிறகு கத்தியை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, காதோரம் வைத்து மடக்கினார். டப்பென்று ஒரே சத்தம். அந்தச் சத்தம் இழுத்தாற்போல் வந்தால் உள்ளே வில் தளர்ந்துவிட்டது என்று அர்த்தமாம். தீட்டித் தீட்டி அலகு ஒல்லியாகியிருக்கிறதா, அடியில் செய்தவன் முத்திரை தேயாமல் இருக்கிறதா, பிடி ஆடுகிறதா, உறை கூடவே பிறந்ததுதானா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாம் பார்த்த பிறகும் விலை சொல்லவில்லை. இதே மாதிரிக் கத்தி சமீபத்தில் மூன்று தடவையாவது விற்று, அந்த மூன்று விலையும் தெரிந்தால்தான் சொல்வாராம். “புஸ்தகத்துல போட்டிருக்கறது விலை இல்லீங்க. கடையில கேக்கறதும் விலை இல்லை. ஒருத்தர் பையிலேர்ந்து எடுத்துக் குடுத்தாரு பாருங்க, அதுதான் விலை” என்றார்.

அப்படி ஒருத்தர் எடுத்துக் கொடுத்தது எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? வாங்கியவனுக்கும் விற்றவனுக்கும்தான். அதனால் எங்கள் சண்டை ஒரு மாதிரியான ஒப்பந்தத்தில் முடிந்தது. சனிக்கிழமைதோறும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் தி.நகருக்கு பஸ் ஏறி என் கடைக்கு வருவார். கடிகாரங்களுக்கு நடுவே உட்கார்ந்து அரை மணி நேரம் கண்ணயர்வார். எழுந்ததும் அந்த வாரம் எந்தக் கத்தி எவ்வளவுக்குப் போயிற்று என்று கேட்பார். நான் சொல்வேன். எதையும் எழுதிக்கொள்ள மாட்டார். அவ்வளவும் தலைக்குள் இருக்கும். என்னை ‘கடைக்காரரே’ என்றுதான் கூப்பிடுவார். அதில் கொஞ்சம் கேலியும் இருக்கும், கொஞ்சம் பிரியமும் இருக்கும்.

ஒரு வருஷம் ஆயுத பூஜைக்கு, கடையில் இருந்த கத்திகள் அத்தனையையும் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, பளபளவென்று வைத்து, சந்தனம் குங்குமம் இட்டுப் படைத்துவிட்டேன். சாமிக்கு வைக்கிறதை அழுக்காகவா வைப்பார்கள்? மறுவாரம் வந்து பார்த்த சார் தலையில் கை வைத்துக்கொண்டார். அப்புறம் அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “சாமிக்குப் புடிச்சிருக்கும். வாங்கறவனுக்குத்தான் புடிக்காது” என்றார். அந்த வருஷம் எனக்குச் சரியான அடி. ஆனால் அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. நான் செய்த தப்புக்கெல்லாம் அவர் அப்படிச் சிரித்திருக்கிறார். ஒன்றைத் தவிர.

அதைத்தான் இனிச் சொல்ல வேண்டும். நாலரை வருஷத்துக்கு முன்பு ஒரு சனிக்கிழமை. சார் வழக்கம்போல் கண்ணயர்ந்து எழுந்தார். அன்றைக்கு என் கடையில் எதிர்க்கடை முதலாளியும் உட்கார்ந்திருந்தார். அவரைக் கண்டாலே எனக்கு ஜம்பம் அடிக்கத் தோன்றும். அந்த வாரம் நான் முத்துச்சிப்பிப் பிடி போட்ட ஜெர்மன் மடக்குக் கத்தி ஒன்றை விற்றிருந்தேன். இந்தப் பக்கம் அது அபூர்வம். எவ்வளவுக்குப் போயிற்று என்று சார் கேட்டார். எதிர்க்கடைக்காரர் முகத்தைப் பார்த்துக்கொண்டே “ஐயாயிரம்” என்றேன். விற்றது ஆயிரத்து நானூறுக்கு. எதிர்க்கடைக்காரர் வாயைப் பிளந்தார். எனக்கு அப்படி ஒரு குளிர்ச்சி. சார் தலையை மட்டும் ஆட்டினார். எதிர்க்கடைக்காரர் போன பிறகு சாரிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன். முதலில் கிளம்பியது சார்தான்; அவர் போன பிறகு யாரிடம் சொல்வது? அவ்வளவுதான் என் புத்தி.

சில மாதம் கழித்து, மார்கழியில், மயிலாப்பூரிலிருந்து வசந்தா டீச்சர் சாரைத் தேடி வந்தார். பெண்கள் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கப்பல் என்ஜினீயராக இருந்த அண்ணன் காலமாகி, ஒரு பெட்டி நிறையக் கத்திகள் அவருக்கு வந்திருந்தன. மொத்தம் முப்பத்தொன்று. அதில் ஒன்பது, சிப்பிப் பிடி வைத்த ஜெர்மன் கத்திகள். டீச்சர் முப்பது வருஷமாக வாடகைக்கு இருந்த இரண்டு அறை வீட்டை அதன் சொந்தக்காரர்கள் விற்கப் போகிறார்கள். டீச்சருக்குத்தான் முதல் உரிமை, தை முடிவதற்குள் முன்பணம் கொடுத்தால் போதும், மிச்சத்தைத் தவணையில் கட்டலாம் என்று சொல்லியிருந்தார்கள். சேமிப்பு போக அவருக்கு இன்னும் இருபத்தைந்தாயிரம் தேவைப்பட்டது. கையில் இருந்தது இந்தப் பெட்டி ஒன்றுதான்.

சார் மூன்று நாள் மாடியில் வைத்துப் பார்த்தார். மற்றக் கத்திகளுக்கெல்லாம் அவருக்கு விலை தெரியும். சிப்பிப் பிடிக்கு மூன்று விற்பனை கிடைக்கவில்லை; ஒன்றுதான் கிடைத்தது. என்னுடையது. தை நெருங்குகிறதே என்று, வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரே ஒரு விலையை நம்பி அவர் கணக்குப் போட்டார். ஐம்பத்தைந்தாயிரம் பெறும் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். டீச்சருக்கு வானத்தில் மிதக்காத குறை. முன்பணம் போக மிச்சத்தில் ஒழுகுகிற தளத்தையும் மாற்றிவிடலாம் என்று கொத்தனாரிடம் பேசிவிட்டார்.

அதே வாரம் அடையாறில் இருக்கும் ஒரு தேயிலைத் தோட்ட முதலாளி வந்து, மொத்தப் பெட்டிக்கும் இருபத்தெட்டாயிரம் தருகிறேன் என்றார். நியாயமான விலை. அதற்கு மேல் ஒரு பைசா வராது என்று எனக்குத் தெரியும். டீச்சர் சீட்டைக் காட்டி, மரியாதையாக அவரை அனுப்பிவிட்டார். அடுத்த சனிக்கிழமை சார் வந்து, நல்லவேளை, டீச்சர் ஏமாறவில்லை, உங்கள் ஐயாயிரம்தான் காப்பாற்றியது கடைக்காரரே என்று சந்தோஷமாகச் சொன்னார். அப்போதே சொல்லியிருந்தால் அந்தத் தோட்டக்காரரைக் கூப்பிட்டிருக்கலாம். வாசலில் ஒருவர் கிராமபோன் விலை கேட்டார். எழுந்து போய்விட்டேன். அந்தக் கிராமபோனை அவர் வாங்கக்கூட இல்லை.

தை பாதி போயிற்று. ஐம்பத்தைந்துக்கு ஆளே வரவில்லை. தோட்டக்காரர் வேறு எங்கோ வாங்கிவிட்டார். டீச்சர் இறங்கி நாற்பதுக்கு, முப்பதுக்கு என்று கேட்டுப் பார்த்தார். நானே தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லிப் பார்த்தேன். பன்னிரண்டாயிரத்துக்கு மேல் கையில் பணம் வைத்திருப்பவன் அந்த மாதத்தில் ஒருவனும் அகப்படவில்லை. அடுக்கு மாடி கட்டுகிறவன் ஒருவன் அந்த வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தான்.

ஒரு மத்தியானம் பொறுக்க முடியாமல் சாரைத் தேடிப் போனேன். பட்டினப்பாக்கம் பக்கம் மணலில் நடந்துகொண்டிருந்தார். மீன் கடைகள் சாத்தியிருந்தன. கடலும் வானமும் ஒரே வெள்ளையாக, எது எங்கே முடிகிறது என்று தெரியாமல் கிடந்தன. நான் சொன்னேன். அலைச் சத்தத்தில் கேட்கவில்லையோ என்று மறுபடி சொன்னேன். அவர் கேட்டுவிட்டார். அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. “மூணு விலை கேக்காம சொன்னது என் தப்பு” என்றார். “நான்தான் சார் பொய் சொன்னேன்” என்றேன். “நீங்க வியாபாரி. எதையாச்சும் சொல்லுவீங்க. சொல்றதைச் சலிச்சுப் பாக்கறதுதானே என் வேலை?” என்றார். அவர் என்னை அடித்திருக்கலாம்.

அன்று சாயங்காலமே இருவரும் டீச்சர் வீட்டுக்குப் போனோம். நான்தான் பேசுவதாக இருந்தது. வழி முழுக்க வார்த்தைகளைக் கோத்துக்கொண்டு வந்தேன். டீச்சர் காபி எடுத்துவர எழுந்தார். சார் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நின்றபடியே, கைகளைக் கட்டிக்கொண்டு, “டீச்சர், நான் சொன்ன விலை தப்பு. அதுல பாதிதான் நிஜம். தப்பு என்னோடது” என்றார். இப்போது நான் வாயைத் திறக்க வேண்டும். திறக்கவில்லை. என் கடை, என் பெயர், சனிக்கிழமை, எதிர்க்கடைக்காரன் எல்லாம் கண்முன் வந்தன. சுவரில் மாட்டியிருந்த உலகப் படத்தைப் பார்த்துக்கொண்டு கல்லுப்பிள்ளையார் மாதிரி நின்றேன்.

டீச்சர் கத்தவில்லை, அழவும் இல்லை. “உங்க வார்த்தையை நம்பித்தானே சார் வந்தவரைத் திருப்பி அனுப்பிச்சேன்” என்றார். பிறகு, “இனிமே யாருக்கும் விலை சொல்லாதீங்கோ” என்றார். சார் “சரிங்கம்மா” என்றார். அவ்வளவுதான் பேச்சு. மாசி பிறந்ததும் வீட்டை அடுக்கு மாடிக்காரன் வாங்கிவிட்டான். டீச்சர் கோட்டூர்புரத்தில் தங்கை மகன் வீட்டில் ஓர் அறைக்குப் போனார்.

அன்று கொடுத்த வார்த்தையை சார் சாகும் வரை காப்பாற்றினார். தேடி வந்தவர்களிடமெல்லாம் கண் சரியில்லை என்றார். அவர் கண்ணுக்கு ஒன்றும் இல்லை. பட்டினப்பாக்கத்து மணலிலிருந்து தூரத்தில் போகிற கட்டுமரத்தில் எத்தனை பேர் என்று எண்ணிச் சொல்வார். சனிக்கிழமைகளில் என் கடைக்கு வருவதை மட்டும் நிறுத்தவில்லை. கண்ணயர்வார், எழுவார், கடலைப் பற்றிப் பேசுவார், போவார். விலை கேட்க மாட்டார். ஒருநாள், நான் போய் டீச்சரிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன். இப்போது சொன்னால் அவர்களுக்கு வீடு திரும்பி வருமா, உங்கள் கடைதான் போகும் என்றார். அதைப் பெருந்தன்மை என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொள்ளலாம். உள்ளதைச் சொன்னால், எனக்கு அது வசதியாக இருந்தது. நாலு வருஷம் அந்த வசதியில் குளிர்காய்ந்தேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் மத்தியானம் கடையில் அசந்துவிட்டேன். கனவில் சார் வந்தார். கடை முழுக்கக் கத்திகள், எல்லாம் அந்த நீலமும் ஊதாவுமாக. எங்கிருந்தோ வெயில் வந்து ஒவ்வொன்றின் மேலும் ஊர்ந்துகொண்டிருந்தது. சார் நடுவில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக எடுத்துக் காதோரம் வைத்து மடக்கிக்கொண்டிருந்தார். சத்தமே வரவில்லை. என்னைப் பார்த்து ஏதாவது கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் எதுவும் கேட்கவில்லை. விழித்துக்கொண்டேன். கடையைச் சாத்திவிட்டு கோட்டூர்புரத்துக்கு பஸ் ஏறினேன்.

டீச்சர் மிகவும் இளைத்திருந்தார். சாவுக்கு வர நினைத்ததாகவும், எந்த முகத்தோடு வருவது என்று தயங்கி நின்றுவிட்டதாகவும் அவரே சொன்னார். நான் உட்காராமலே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் கேட்டது ஒரே கேள்வி. “நீங்க பொய் சொன்னது தெரிஞ்சுதானா எங்கிட்ட அப்படிக் கையைக் கட்டிண்டு நின்னார்?” ஆமாம் என்றேன். ஜன்னல் வழியாக அடையாற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தண்ணீரில் பட்ட வெயில் அறையின் கூரையில் நெளிந்துகொண்டிருந்தது. “நாலு வருஷமா பாக்கறவாகிட்டல்லாம் அவரைச் சொல்லிண்டிருந்தேனே” என்றார். அப்போதுதான் அழுதார். எனக்காக அழவில்லை, வீட்டுக்காகவும் இல்லை.

என்னை மன்னித்தாரா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோய் ஒரு நோட்டுப் புத்தகமும் பேனாவும் எடுத்துவந்து மேஜையில் வைத்தார். “எங்கிட்ட மட்டும் சொன்னா போறாது. அவரைப் பத்தி நான் யார் யார்ட்ட சொன்னேனோ அத்தனை பேருக்கும் தெரியணும். உக்காந்து எழுதுங்கோ” என்றார். இரண்டு நாளாக அந்த மேஜையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். டீச்சர் எதிரே உட்கார்ந்து, ஒவ்வொரு பக்கமாக வாங்கிப் படிக்கிறார். பிழை இருந்தால் திருத்துகிறார்.

சார், என்னால் உங்கள் வாய் அடைபட்டுப் போயிற்று. நீங்கள் இருந்தவரை அதைத் திறந்துவிட எனக்குத் துணிச்சல் வரவில்லை. இந்த ஊரில் உங்கள் வார்த்தையை நம்பி யாரும் கெட்டதில்லை. என் வார்த்தையை நம்பித்தான் நீங்கள் கெட்டீர்கள். நிம்மதியாகப் போய் வாருங்கள்.

இதோடு முடித்துவிட்டேன் என்று கடைசிப் பக்கத்தை டீச்சரிடம் கொடுத்தேன். படித்தார். முதல் பக்கத்திலிருந்து மறுபடி புரட்டிப் பார்த்தார். பிறகு பேனாவை என் பக்கம் தள்ளி, “எல்லாம் சரி. உங்க பேரை எங்கேயும் காணுமே” என்றார்.

என் பெயர் கன்னியப்பன். தி.நகரில் பழைய பொருள் கடை வைத்திருக்கிறேன்.